நூறு என்று எழுதிய கல்

ஒபெனேவா யாரையும் சுலபத்தில் மதிக்கிறவள் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலை, சமையலறை மேஜைமேல் வரிசையாக இருந்த மூன்று டிஜிட்டல் தராசுகளையும், வேலை கேட்டு வந்த சோம்பேறிகளைப் பார்ப்பதுபோல இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத்தான் பொறந்தீங்களோ நீங்கல்லாம்!" என்றாள்.

வீட்டில் இன்று விசேஷம். தங்கை கோனாமாவைப் பெண் கேட்டு, தங்கம் வாங்கும் கடை வைத்திருக்கும் அசியேடுவின் வீட்டார் கதவு தட்ட வருகிறார்கள். ரொட்டி சுட்டு விற்கிற மூத்தவள் ஒபெனேவா இந்நேரம் கூடத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் திங்கட்கிழமை சுரங்கத்துக் கேன்டீன்காரர் சாம்பிள் ரொட்டி வாங்கிப் போக வருகிறாரே! நான்கு நாள் வைத்தாலும் பூசணம் பிடிக்காத ரொட்டி வேண்டுமாம். அதற்கு ஒரு பொடி இருக்கிறது. அரைக் கிலோ மாவுக்கு ஒன்றரை கிராம். குறைந்தால் இரண்டாம் நாளே ரொட்டிக்குத் தாடி முளைக்கும். கூடினால் மாவு பொங்காது. போன வாரம் ஒரு அடுப்புக்குத் தாடி, ஒரு அடுப்புக்குச் செங்கல் என்று இரண்டையும் பார்த்தாகிவிட்டது.

முதல் தராசு, சந்தையில் வாங்கிய கண்ணாடித் தட்டு. ஐந்து கிலோ வரை நிறுக்கும். மாவையோ சர்க்கரையையோ கொட்டினால் ஒழுங்காகச் சொல்லும். பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால், தன்மேல் ஏதோ விழுகிறது என்ற உணர்ச்சியே இல்லாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். திடீரென்று விழித்துக்கொண்டு 'மூன்று' என்று காட்டும். ஒன்றும் இரண்டும் எங்கே போயின என்று கேட்டால் பதில் கிடையாது.

"எருமை" என்று அதை ஒதுக்கினாள்.

இரண்டாவது, பக்கத்துத் தெரு ரொட்டிக்காரி இரவல் கொடுத்த கரண்டித் தராசு. கரண்டியின் காம்பிலேயே எண் தெரியும். மின்விசிறி சுற்றினால் அந்த எண்ணும் சுற்றும். விசிறியை நிறுத்திப் பார்த்தாள். கை நடுங்கினாலும் சுற்றியது. ஒரே சிட்டிகையை நான்கு முறை நிறுத்ததில் நான்கு விடை வந்தது.

"இதை வச்சுக்கிட்டுத்தான் அவ கேக் பண்றாளாக்கும். அதான் அவ கேக் அவ புருஷன் மூஞ்சி மாதிரியே இருக்கு" என்றாள் ஒபெனேவா.

மூன்றாவதை மட்டும் அவள் திட்டவில்லை.

அது உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக, மூடியோடு இருந்தது. நேற்று மாலை கோனாமா அசியேடுவின் கடையிலிருந்து கொண்டுவந்தாள். "அக்காவுக்கு அவர் குடுத்தது. தங்கம் நிறுக்கிற தராசு. கிராமை நூறாப் பிச்சுக் காட்டும்" என்றாள். கூடவே ஒரு சின்ன வெல்வெட் பை. அதற்குள் நூறு கிராம் என்று பொறித்த பளபளப்பான எடைக்கல்.

தங்கம் தோண்டிப் பிழைக்கிற டன்க்வா ஊரில் தங்கத் தராசுக்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. சண்டையில் சத்தியம் செய்கிறவனைக்கூடச் சந்தேகப்படுவார்கள். தங்கத் தராசு சிவப்பு எண்ணில் ஒன்று சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். தங்கத்தையே நிறுக்கிறது, ரொட்டிப் பொடியை நிறுக்காதா?

ஒபெனேவாவுக்கு இதில் ஒரு சொந்த அனுபவமும் உண்டு. அவள் புருஷன் யாவ் பேகோவை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதே இந்த மாதிரித் தராசின் பேச்சைக் கேட்டுத்தான்.

பேகோவுக்கு ஆஃபின் ஆற்றோரம் ஒரு தங்கக் குழி. குழியில் இன்னும் பழைய கைத்தராசுதான். ஒரு தட்டில் சவர பிளேடுகள், மறு தட்டில் தங்கத் துகள். எத்தனை பிளேடுக்குச் சமமோ அத்தனை பிளேடு தங்கம். பேகோ குழியிலிருந்து ஃபோன் செய்து, "இன்னிக்கு இருபத்திரண்டு பிளேடு" என்பான். அசியேடுவின் கடையில் விற்றுவிட்டு வீட்டுக்கு வரும்போது கடைச் சீட்டில் இருபது பிளேடுதான் இருக்கும். ஒருநாள் இல்லை, வாராவாரம் இந்தக் கதைதான். மீதி இரண்டு எங்கே என்று கேட்டால், "கடைத் தராசு அப்படித்தான் சொல்லுது" என்பான்.

பஸ் நிலையத்தில் வாச்சே என்னும் பயறுச் சோறு விற்கிற ஒருத்தியிடம் அவன் தினமும் சாப்பிடுகிறான் என்று ஒபெனேவாவுக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். "துருப்பிடிச்ச பிளேடு நெசம் சொல்லும், பாட்டரித் தராசு பொய் சொல்லும், நான் கேணச்சி, நம்பணும்! அவ இடுப்புல கட்டியிருக்கிற புதுத் துணியில தெரியுது உன் ரெண்டு பிளேடும்!" என்று தெருவே கேட்கச் சொல்லி, அவன் பெட்டியை வாசலில் வைத்தாள். மழை ஆரம்பித்த வாரம் அது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழிக் கொட்டகைக்குப் போனான். அந்த மௌனத்தையே அவள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள்.

ஆகையால் தங்கத் தராசின்மேல் அவளுக்கு ஒரு மரியாதை. ஆனாலும் சோதிக்காமல் விடுவாளா? விசிறியை நிறுத்தினாள். மேஜை ஆடாமல் காலுக்கு அட்டை வைத்தாள். வெல்வெட் பையிலிருந்த கல்லை எடுத்து நடுவில் வைத்தாள்.

100.00.

எடுத்து மறுபடி வைத்தாள், ஓரத்தில் வைத்தாள். அதே நூறு. "பாத்தியா, இது ஜாதி!" என்றாள்.

பிறகு அதே கல்லைக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். நூற்றுப் பத்து என்று காட்டியது.

"பத்து கிராம் கூசாம பொய் சொல்லுது பாரு!" கண்ணாடித் தராசைத் தூக்கி, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் குப்புறப் போட்டாள். இத்தனை நாள் இந்தப் பொய்யனை நம்பி மாவு நிறுத்தோமே என்று அவமானமாக இருந்தது.

தங்கத் தராசில் பொடியை நிறுத்தாள். ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை. சொன்ன பேச்சு கேட்டது. அடுத்து அதைக் கரைக்கத் தண்ணீர். தராசிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, பத்து மில்லி சிரிஞ்சால் ஐந்து முறை ஊற்றினாள். ஐம்பது மில்லி தண்ணீர் ஐம்பது கிராம். கேட்டரிங் பள்ளியில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தராசு நாற்பத்தைந்தரை காட்டியது.

"சிரிஞ்சுக்காரனும் திருடனா?" என்றாள். அலமாரியில் வேறு கம்பெனி சிரிஞ்சு ஒன்று இருந்தது. கிண்ணத்தைத் துடைத்து மறுபடி ஊற்றினாள். நாற்பத்தைந்தரை. கேட்டரிங் பள்ளி வாத்தியாரை நினைத்துத் திட்டினாள். திட்டும்போதே ஒரு நெருடல். இரண்டு சிரிஞ்சும் வாத்தியாரும் சொல்லிவைத்துக்கொண்டு ஒரே அளவாகவா திருடுவார்கள்?

குப்புறக் கிடந்த கண்ணாடித் தராசை எடுத்துவந்தாள். அதன்மேல் கிண்ணத்தை வைத்து ஐம்பது மில்லியையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

50.

ஒபெனேவா நாற்காலியில் உட்கார்ந்தாள். எடைக்கல்லை எடுத்துத் திருப்பினாள். மேலே 'நூறு' என்று அழகாகப் பொறித்திருந்தது. அடியில் ஒரு துளை போட்டு, ஈயம் ஊற்றி, வழவழப்பாகத் தேய்த்திருந்தது. நகத்தால் கீறினால் ஈயத்தில் மட்டும் மெத்தென்று கோடு விழுந்தது. நூற்றுப் பத்து கிராம் கல்லை வைத்து, 'இதுதான் நூறு' என்று தராசுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தராசும் நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டது. அந்தக் கல்லையே வைத்துச் சோதித்தால் ஏன் நூறு காட்டாது? பொய்யனுக்குப் பொய்யன் சாட்சி. நிஜத்தைச் சொன்ன எருமையை வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் போட்டது அவள்தான்.

கணக்குப் போட அவளுக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. நூற்றுப் பத்துக்கு நூறு. இருபத்திரண்டுக்கு இருபது.

பேகோவின் முகம், பெட்டியைத் தூக்கின அன்று இருந்த அந்த முகம், கண்ணுக்குள் வந்து நின்றது.

"அக்கா, என் கழுத்துக்குப் பின்னாடி இந்தக் கொக்கியை மாட்டி விடேன்" என்று கோனாமா உள்ளே வந்தாள். லேஸ் சட்டை, பச்சையும் மஞ்சளுமாகக் கைத்தறிக் கென்டே துணி, காதில் அசியேடு வாங்கிக்கொடுத்த தோடு. அவள்தான் அசியேடுவின் கடையில் கல்லாப் பக்கம் நிற்கிறவள். அங்கேதான் காதலும் வந்தது.

ஒபெனேவா கொக்கியை மாட்டவில்லை. கல்லைக் கண்ணாடித் தராசில் வைத்தாள்.

"படி."

கோனாமா படித்தாள். கண்ணை எடுத்துக் கதவைப் பார்த்தாள்.

"கடையில இருக்கிற தராசெல்லாம் இப்படியா?"

"அக்கா, வெளியில அவங்க வந்துட்டாங்க..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"எல்லாம்தான்" என்றாள் கோனாமா தரையைப் பார்த்து. "ஊர்ல எல்லாக் கடையும் இப்படித்தான்னு அவர் சொன்னாரு."

"ஒரு நல்ல தராசை அன்பளிப்பா குடுக்கணும்னா, அவன் கடையில நல்லதுன்னு ஒண்ணு இருக்கணுமே! இருந்தாத்தானே குடுப்பான், பஞ்சத்துப் பயல்!" ஒபெனேவாவின் குரல் ஏறியது. பிறகு திடீரென்று இறங்கியது. "பேகோ தங்கத்தை யாருடி நிறுத்தது?"

கோனாமா தோட்டைத் திருகினாள்.

"யாரு?"

"நான்தான்."

"நான் அவன் பெட்டியை வாசல்ல வச்சேனே. அப்ப நீ எங்க இருந்தே?"

"உன் பின்னாடி."

ஒபெனேவா கையை ஓங்கினாள். பூசிய பவுடரும் மையும் கலையக்கூடாதே என்று அந்த நேரத்திலும் அந்தப் பெண் முகத்தை ஒதுக்கிக்கொண்டதைப் பார்த்தாள். அடிக்கவும் வெறுப்பாக இருந்தது. கையைக் கீழே போட்டாள்.

"ஏ புள்ளைங்களா! உள்ள என்ன சமையலா, சம்மேளனமா?" கூடத்திலிருந்து அட்டகோரா மாமா கூப்பிட்டார். தாய்மாமன். அவர் வாயிலிருந்து 'சரி' வராமல் இந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கிடையாது.

கூடத்தில் ஒரு பக்கம் அசியேடுவின் வீட்டார். அவனுடைய சித்தப்பாதான் பேச்சாளர். நடு மேஜையில் இரண்டு ஷ்னாப்ஸ் சாராய பாட்டில், மூடி திறக்காமல்; பெண் வீட்டார் திறந்தால் சம்மதம் என்று அர்த்தம். அசியேடு வெள்ளை உடுப்பில், இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம் மாமா. வாசலை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பேகோ. மூத்த மருமகன் இல்லாமல் பாட்டிலைத் தொடமாட்டேன் என்று மாமா பிடிவாதமாக வரவழைத்திருந்தார். குழிச் சேறு பேகோவின் நகக்கண்ணில் போகாமல் இருந்தது. காலையில் அவன் வந்து உட்கார்ந்தபோது, 'விருந்துச் சோறுன்னா மோப்பம் பிடிச்சு வந்துருவான்' என்று ஒபெனேவா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இப்போது அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"இந்த வழியா போனோம்" என்று சித்தப்பா ஆரம்பித்தார். "உங்க தோட்டத்துல ஒரு பூ கண்ணுல பட்டுச்சு. சொல்லாம பறிச்சா திருட்டு. அதான் கதவைத் தட்டிக் கேக்க வந்தோம்."

"திருட்டைப் பத்தி நல்லா பேசறீங்க" என்று ஒபெனேவா உள்ளே வந்தாள். இரண்டு தராசு, கல், கிண்ணம், சிரிஞ்சு எல்லாவற்றையும் ஒரு ரொட்டித் தட்டில் தூக்கிவந்து, பாட்டில்களைத் தள்ளி நடு மேஜையில் வைத்தாள்.

"என்ன புள்ள இது, கூடத்துல ரொட்டியா சுடப்போறே?" என்றார் மாமா.

"இல்ல மாமா. மாப்பிள்ளையைச் சுடப்போறேன்."

கல்லைக் கண்ணாடித் தராசில் வைத்தாள். மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார். "நூத்திப் பத்து. கல்லுல நூறுன்னு போட்டிருக்கே?"

அசியேடு சிரித்தான். கடைக்கு வருகிறவர்களிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. "அக்கா, அது சந்தையில வாங்கின சமையல் சாமான். தப்பாத்தான் காட்டும். நம்ம தராசு தங்கம் நிறுக்கிறது."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளே சொன்ன நியாயம்தான். அவன் வாயில் அது நாறியது.

"சரி, தராசு சந்தையில வாங்கினது. தண்ணியும் சந்தையில வாங்கினதா?" என்று சிரிஞ்சை எடுத்தாள். "மாமா, நீங்களே ஊத்துங்க. ஐம்பது மில்லி."

மாமா ஊற்றினார். தங்கத் தராசு நாற்பத்தைந்தரை காட்டியது. கிண்ணத்தைக் காலி செய்து கண்ணாடித் தராசில் வைத்து மறுபடி ஊற்றினார். ஐம்பது. சித்தப்பா எதற்கோ இருமினார். அசியேடுவின் சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருந்தது.

"இவன் குழிக்காரனுங்க வயித்துல அடிச்சிருக்கான் மாமா. பதினொண்ணுல ஒண்ணு. சேத்துல முங்கி எந்திரிக்கிறவன் கையிலேர்ந்து பிடுங்கி, வெள்ளைச் சட்டை தச்சுக்கிட்டு, அதைப் போட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்கே பொண்ணு கேட்டு வந்திருக்கான். துணிச்சலைப் பாருங்க, எனக்கு இனாமா அந்தத் தராசையே குடுத்திருக்கான்! ரொட்டிக்காரிக்கு என்ன தெரியப்போகுதுன்னு!"

"வார்த்தையை அளந்து பேசுங்க" என்றார் சித்தப்பா.

"எந்தத் தராசுல அளக்கட்டும்?"

மாமா கையை உயர்த்தினார். கோனாமா கதவுப் பக்கம் நின்றிருந்தாள். "நீதானே அந்தக் கடையில நிக்கிறே? நீ சொல்லு. உனக்குத் தெரியுமா?"

கூடம் முழுவதும் அந்தப் பெண்ணைப் பார்த்தது. அசியேடுவும் பார்த்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"அவளை விடுங்க மாமா" என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

பேகோ எழுந்து நின்றிருந்தான்.

"எனக்கு ஈஸ்டருக்கு முன்னாடியே, பெட்டி வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ஒருநாள் ஒபுவாசிக்குக் கொண்டுபோய் வேற கடையில நிறுத்துப் பாத்தேன். குழியில இருபத்திரண்டு, அங்கேயும் இருபத்திரண்டு. விஷயம் அங்கேயே புரிஞ்சு போச்சு."

ஒபெனேவா அவன் பக்கம் திரும்பினாள். "ஏய்யா... தெரிஞ்சுக்கிட்டுமா வாராவாரம் இவன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தே?"

"கடையை மாத்தினா ஏன்னு நீ கேப்பே. சொன்னா, நிறுக்கிற கை யாரோடதுன்னு கேப்பே." பேகோ கோனாமாவைப் பார்க்காமல் சொன்னான். "உனக்குக் கோபம் வந்தா யாரையாவது வாசல்ல நிறுத்தணும். எனக்குக் குழி இருக்கு, கொட்டகை இருக்கு. சின்னப் பொண்ணு எங்க போவா?"

கோனாமா முகத்தைக் கென்டே துணியில் புதைத்துக்கொண்டு அழுதாள். மையெல்லாம் துணியில் இறங்கியது.

ஒபெனேவாவின் வாய்க்கு இந்த ஊரே பயப்படும். யாருக்கு எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும். இப்போது வந்ததெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு கேள்விதான்.

"அன்னிக்கு நான் அத்தனை பேர் முன்னாடி உன்னைத் திருடன்னு சொன்னப்ப, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பேகோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீ தராசைத்தான் கேட்டே, ஒபெனேவா. என்னைக் கேக்கவே இல்லையே."

மாமாவுக்குத் தலையசைத்து விடைபெற்றான். பிளாஸ்டிக் நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் நகர்த்திவிட்டு வெளியே இறங்கினான்.

அசியேடுவின் சித்தப்பா பாட்டில்களை மறுபடி மேஜையின் நடுவுக்குத் தள்ளினார். அட்டகோரா மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோனாமா, உன் வாழ்க்கை, நீதான் சொல்லணும். இந்தப் பாட்டிலைத் திறக்கட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா?"

கோனாமா துணியிலிருந்து முகத்தை எடுத்து ஏதோ சொன்னாள். சித்தப்பா, "என்ன?" என்று எழுந்தார்.

அவள் என்ன சொன்னாள் என்பது அக்காவின் காதில் விழவில்லை. ஒபெனேவா செருப்புக்கூடப் போடாமல், மாவுக் கையோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். குழிக்குப் போகிற வேன் முனையில் நின்றிருந்தது. பேகோ அதற்குள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.